படித்தேன், பிடித்தது, எழுதியவர் பெயர்தான் ஞாபகமில்லை

ஜனவரி 6, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

தினமும் காலையில் எனக்கு ஒரு தள்ளுபடிப் புத்தக மெயில் வரும். அதில் வந்த நாவல் ஒன்றை இரண்டு வாரத்துக்கு முன் வாங்கி மூன்றே நாளில் முடித்தேன். ரொம்பப் பிடித்தது. நேற்று தோழி ஒருத்தி "யார் எழுதினது?" என்று கேட்டாள். அட்டை கண்முன் நிற்கிறது, கதை வரிசையாக ஞாபகம் வருகிறது, எழுதியவர் பெயர் மட்டும் வரவே இல்லை. புத்தகங்களை அறிமுகம் செய்யும் இந்தத் தளங்கள் எழுத்தாளரையும் வாசகரையும் இணைக்கின்றன என்கிறார்கள். எனக்கென்னவோ வாசகரைத் தளத்தோடுதான் இணைக்கின்றன என்று படுகிறது. நான் கொடுத்த காசு அவருக்குப் போயிருக்கும், சரி. நான் அவருக்குப் போய்ச் சேர்ந்தேனா?

ஜனவரி 6, இரவு

உங்கள் கேள்வியைக் காலையிலிருந்து மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். நான் இரண்டு நாவலும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் எழுதியவன். ஆறு வருடமாக இந்தத் தளங்களில் புத்தகம் போட்டு வருகிறேன். நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

தள்ளுபடி மெயில் போகிற நாளில் எனக்குத் தெரிவது விற்பனை வரைபடத்தில் ஒரு கோடு. காலையில் தரையோடு படுத்திருக்கும், மதியம் எழும்பும், இரவில் உச்சிக்குப் போகும், மறுநாள் சரியும். கோட்டுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் ஒரு முகமும் தெரியாது.

மெயில் எப்படி அமைகிறது என்று பார்த்தால் உங்களுக்குப் பெயர் நிற்காததன் காரணம் புரியும். உதாரணத்துக்கு, புக்பப் 2012இல் தொடங்கிய சேவை. வாசகர் தனக்குப் பிடித்த வகைகளைச் சொல்லி வைத்தால் அதற்கேற்ற சலுகைகள் மெயிலில் வரும். அதில் இடம்பிடிக்க எழுத்தாளர் விலையைக் குறைந்தது 50 சதவீதமாவது குறைத்திருக்க வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும், தேர்வானால் வகைக்கும் விலைக்கும் ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டும். விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு "இந்த முறை இல்லை" என்ற பதில்தான் வரும். தேர்வான பிறகு புத்தகத்தைப் பற்றிய அந்த இரண்டு வரியை எழுதுவது தளத்தின் ஆசிரியர் குழு. நாம் அல்ல. ஆக, நீங்கள் பார்த்தது அட்டை, வேறொருவர் எழுதிய இரண்டு வரி, விலை. என் குரல் அங்கே ஒரு சொல்கூட இல்லை. புத்தகத்தைத் திறந்த பிறகுதான் நான் வருகிறேன்.

ஜனவரி 7

நேற்று எழுதியது குறை சொல்வதுபோல் தொனித்துவிட்டது. அப்படி இல்லை. அந்த மெயில் இல்லாவிட்டால் நீங்கள் அந்த நாவலைத் திறந்தே இருக்க மாட்டீர்கள். கதவு வரை கூட்டி வருவது அதன் வேலை, அதைச் சரியாகவே செய்கிறது. உள்ளே வந்தவரை உட்காரச் சொல்ல வேண்டியது எழுத்தாளர்.

ஜனவரி 9

உட்காரச் சொல்வது என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாவலை இலவசமாகக் கொடுத்தேன். அமேசானில் மின்னூலை 90 நாள் வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டால், அந்த 90 நாளுக்குள் 5 நாள் இலவசமாகத் தரலாம். ஐந்து நாளையும் சேர்த்தே கொடுத்தேன். இலவசப் புத்தகங்களை மட்டும் பட்டியலிடும் சில தளங்களில் முன்கூட்டியே தேதியைச் சொல்லி வைத்தேன். நிறையப் பேர் இறக்கிக்கொண்டார்கள். அதில் எத்தனை பேர் திறந்தார்கள் என்பது வேறு விஷயம். இலவசமாக வந்த புத்தகம் பலருடைய கருவியில் அப்படியே தூங்கும். என் கருவியிலும் தூங்குகின்றன.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எலும்பு முறிவுப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர் ஒருவர் எழுதியிருந்தார். கதை பிடித்தது என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்: "நான்காம் அத்தியாயத்தில் உங்கள் நாயகிக்கு இடது மணிக்கட்டு உடைகிறது. ஆறாம் அத்தியாயத்தில் இரண்டு கையாலும் துடுப்புப் போடுகிறாள். நடுவில் மூன்று நாள்தான் போயிருக்கிறது. கட்டுப் பிரிக்கவே ஆறு வாரம் ஆகுமே, அய்யா."

அந்த நாவலை நான் ஒன்பது முறை திருத்தியிருக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் படித்திருக்கிறார்கள். யார் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் பட்டது. அன்று இரவே அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினேன். அவள் துடுப்பை வலது கையாலும் முழங்காலாலும் பிடித்துக்கொண்டு போகிறாள், படகு வளைந்து வளைந்து போகிறது, கரை சேர விடிந்துவிடுகிறது. பழைய பக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். மின்னூல் என்பதால் மறுநாளே புதுப் பதிப்பை ஏற்றிவிட்டேன். அவருக்கு மாற்றிய பக்கத்தை அனுப்பினேன். "இப்போது எனக்கும் கை வலிக்கிறது" என்று ஒரு வரி பதில்.

இன்றுவரை என் கையெழுத்துப் பிரதியை முதலில் படிப்பவர் அவர்தான். அவர் எனக்கு எழுதியதற்குக் காரணம், நாவலின் கடைசிப் பக்கத்தில் என் மெயில் முகவரியோடு "எழுதுங்கள், நானே படிப்பேன்" என்று போட்டிருந்தேன். அந்த ஒரு வரி இல்லையென்றால் அவரும் அந்தக் கோட்டுக்குள் ஒரு புள்ளியாகக் கரைந்திருப்பார்.

ஜனவரி 10

"இலவசப் பிரதி கொடுத்தால் பதிலுக்கு மதிப்புரை கேட்கலாமா?" என்று கேட்டவருக்கு: கேட்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. 2016 அக்டோபரில் அமேசான், பொருளை இலவசமாகவோ தள்ளுபடியிலோ வாங்கிக்கொண்டு மதிப்புரை எழுதுவதைத் தடை செய்தது. புத்தகம் வெளிவரும் முன்பே மதிப்புரைக்குப் பிரதி கொடுக்கும் வழக்கம் பழையது என்பதால் அதை மட்டும் விட்டுவைத்தது. ஆனாலும் "எழுதினால்தான் பிரதி" என்பதோ "நல்லதாக எழுது" என்பதோ கூடாது. குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதுவதும் விதிக்கு எதிரானதே.

இந்த விதி எனக்குப் பிடிக்கும். என் அத்தை மகன் ஐந்து நட்சத்திரம் கொடுத்து வாசகருக்கு என்ன தெரியப்போகிறது?

ஜனவரி 14

இலவசப் போட்டிகளைப் பற்றி. குட்ரீட்ஸ், வாசகர்கள் புத்தகங்களைப் பட்டியலிட்டு மதிப்பிடும் தளம். 2007இல் தொடங்கியது, 2013இல் அமேசான் வாங்கியது. அங்கே எழுத்தாளர் தன் புத்தகத்தைப் பரிசாக வைக்கலாம். விரும்புகிறவர்கள் பெயர் கொடுப்பார்கள், குலுக்கலில் வருகிறவருக்குப் பிரதி. முதலில் இதற்குக் கட்டணம் கிடையாது. 2018 ஜனவரியில் சாதாரணத் திட்டத்துக்கு 119 டாலர், பக்கத்தின் மேலே இடம் தருகிற திட்டத்துக்கு 599 டாலர் என்று கட்டணம் வந்தது. தனியாளாகப் புத்தகம் போடுகிறவர்களில் பலர் அன்றோடு விலகிக்கொண்டார்கள். பதிப்பகத்துக்கு அது சில்லறை. நமக்கு அட்டை ஓவியருக்குக் கொடுக்கிற பணம்.

நான் ஒரு முறை வைத்தேன். நூற்றுக்கணக்கானவர்கள் பெயர் கொடுத்தார்கள். அத்தனை பேரின் "படிக்க விரும்புகிறேன்" அலமாரியிலும், அதாவது அந்தப் பெயரில் தளத்தில் இருக்கும் அவரவர் பட்டியலிலும், என் புத்தகம் ஏறியது. இத்தனை பேர் காத்திருக்கிறார்களா என்று அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஜனவரி 15

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அந்த அலமாரிக் கணக்கை ஆர்வம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018 மாற்றத்துக்குப் பிறகு, போட்டியில் பெயர் கொடுத்தாலே புத்தகம் அந்த அலமாரியில் தானாக ஏறிவிடும். அவர்கள் ஏற்றவில்லை, தளம் ஏற்றியது. இதை எனக்குச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. இத்தனை நாளும் அந்த எண்ணைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வென்றவர்களுக்குச் சுமார் எட்டு வாரம் கழித்துத் தளம் ஒரு நினைவூட்டல் அனுப்பும், மதிப்பிடச் சொல்லி. அதுவும் கட்டாயமில்லை. எனக்கு வென்றவர்களில் மூன்று பேர் எழுதினார்கள். ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொல்லி ஏன் நிறுத்தினார் என்றும் எழுதியிருந்தார். எனக்கு உதவியது அதுதான்.

ஜனவரி 21

வயிற்றெரிச்சலோடு ஒன்று. இரண்டாவது நாவல் வந்தபோது ஒரு விளம்பரச் சேவைக்குப் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். "எங்களைப் பின்தொடர்பவர்கள் லட்சக்கணக்கில், உங்கள் புத்தகத்தை முப்பது நாள் எடுத்துச் சொல்வோம்" என்றார்கள். சொன்னபடியே தினமும் பதிவு போட்டார்கள். குறை சொல்ல முடியாது. முப்பது நாளில் இரண்டு பிரதி போயிற்று. அதில் ஒன்று என் பழைய சக ஊழியர் வாங்கியது.

பிறகு அந்தப் பக்கத்தை உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கப் படித்தேன். ஒரு மணி நேரத்துக்கு நான்கு புத்தகம். ஒவ்வொன்றின் கீழேயும் விருப்பம் போட்டவர்கள் யாரென்று பார்த்தால், எல்லோரும் எழுத்தாளர்கள். தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள், அல்லது முறை முடிந்து அடுத்தவருக்கு மரியாதை செய்தவர்கள். சந்தை முழுக்கக் கடை போட்டவர்கள். வாங்க வந்தவர் ஒருவர்கூட இல்லை.

இப்போது ஒரு தளத்தில் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்கிறேன். வாசகனாகச் சேர்ந்து ஒரு மாதம் அங்கே இருந்து பார்க்கிறேன். எனக்கே ஒரு புத்தகம் வாங்கத் தோன்றவில்லையென்றால் பணம் கட்டுவதில்லை.

ஜனவரி 22

பணத்தைத் திருப்பிக் கேட்டீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை, கேட்கவில்லை. அவர்கள் பதிவு போடுவதாகத்தான் சொன்னார்கள், போட்டார்கள். விற்பதாகச் சொல்லவில்லை. நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன்.

ஜனவரி 30

இதைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

எழுத்தாளரிடம் வாசகர்கள் நேராகக் கேள்வி கேட்கும் வசதி சில தளங்களில் உண்டு. ஒன்றில் நானும் அதைத் திறந்து வைத்தேன். திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டேன். அறிவிப்புகள் நான் பயன்படுத்தாத பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஏழு மாதம் கழித்து உள்ளே போனால் ஒரு கேள்வி இருக்கிறது. "படகோட்டி கடைசியில் திரும்பி வந்தாரா? என் அப்பாவும் நானும் சேர்ந்து படித்தோம். அவர் வந்தார் என்கிறார், நான் வரவில்லை என்கிறேன். தீர்ப்பு சொல்லுங்கள்."

உடனே பதில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, இருவர் சொல்வதற்கும் கதையில் எந்த வரி இடம் கொடுக்கிறது என்று விளக்கி, நீளமாக. இரண்டு நாளில் அவர் நன்றி சொன்னார். அப்பா காலமாகி நான்கு மாதம் ஆகிறது என்றும் சொன்னார்.

கேள்வி கேட்கும் வசதியைத் திறப்பது எளிது, ஒரு பொத்தான். திறந்தால் அங்கே இருக்க வேண்டும். இருக்க முடியாதென்றால் திறக்காமலே விடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இப்போது என் பெயரில் இரண்டே இரண்டு தளங்களில்தான் பக்கம் வைத்திருக்கிறேன். மற்றதையெல்லாம் மூடிவிட்டேன். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் அந்த இரண்டுக்கும்.

பிப்ரவரி 3

பின்தொடர்பவர்களும் அஞ்சல் பட்டியலும் ஒன்றுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். ஒன்றில்லை. தளத்தில் ஒருவர் உங்களைப் பின்தொடர்ந்தால், புதுப் புத்தகம் வரும்போது தளம் அவருக்குச் சொல்லும். அவர் முகவரி உங்களுக்குத் தெரியாது. தளம் தன் விதியை மாற்றினால் அந்த உறவும் மாறும். அஞ்சல் பட்டியல், அதாவது வாசகர்கள் உங்களிடமே தந்த மெயில் முகவரிகள், உங்கள் கையில் இருப்பது.

அதனால்தான் பலர் ஒரு சிறுகதையை இலவசமாகக் கொடுத்து மெயில் முகவரி வாங்குகிறார்கள். புக்ஃபனல் போன்ற சேவை (2015இல் வந்தது) அந்தக் கதையை வாசகரின் கருவியில் சிக்கலில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். "கோப்பு திறக்கவில்லை" என்று வருகிற கடிதங்களுக்கும் அவர்களே பதில் சொல்வார்கள். முன்பு அந்த வேலையை நான் செய்தேன், பாதி நாள் போகும். ஒரே வகை எழுதுகிற நாலைந்து பேர் சேர்ந்து, ஒருவர் செய்திமடலில் மற்றவர் புத்தகத்தைச் சொல்வதும் உண்டு.

நானும் அப்படிப் பலர் சேர்ந்து தங்கள் கதைகளை இலவசமாகக் கொடுக்கும் ஒரு கூட்டுப் பரிசில் சேர்ந்தேன். ஒரே வாரத்தில் பட்டியலில் அறுநூறு பேர் கூடினார்கள். அடுத்த செய்திமடல் போனதும் கொத்துக்கொத்தாக விலகினார்கள். "யார் நீங்கள்?" என்று கேட்டே ஒருவர் எழுதினார். நியாயமான கேள்வி. அவர்கள் பரிசுக்கு வந்தவர்கள், என்னைத் தேடி வரவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள் நூற்றுச்சொச்சம் பேர்தான், அவர்களில் விலகியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

பிப்ரவரி 4

நேற்று கூட்டுப் பரிசைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ? அந்த அறுநூறு பேரில் தங்கிய ஒருவர்தான் என் சிறுகதைத் தொகுப்புக்குப் பெயர் வைத்தவர். சேர்ந்தது தப்பில்லை. வந்தவர்களுக்கு முதலில் நான் யார், எதற்கு எழுதுகிறேன் என்று சொல்லாமல் நேராக விற்கப் போனதுதான் தப்பு.

பிப்ரவரி 8

நட்சத்திரங்கள். இதைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு: மதிப்புரைக்கு எழுத்தாளர் பதில் போடக் கூடாது. நல்லதற்கும் கூடாது, கெட்டதற்கும் கூடாது. அந்த இடம் வாசகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம். நாம் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். நமக்கு நேராக எழுதினால் பதில் சொல்வது வேறு, அது நம் வாசலுக்கு வந்தவருக்குச் செய்யும் மரியாதை.

ஆனால் படிக்க வேண்டும். ஸ்டோரிகிராஃப் என்ற தளத்தை நாடியா ஓடுனாயோ என்பவர் உருவாக்கினார். அங்கே கால் நட்சத்திரம்கூடக் கொடுக்கலாம். புத்தகம் எந்த மனநிலையைத் தருகிறது, வேகமாகப் போகிறதா மெதுவாகவா என்று வாசகர்கள் குறிப்பார்கள். எந்தக் காட்சி யாரைத் துன்புறுத்தக்கூடும் என்ற எச்சரிக்கையும் சேர்ப்பார்கள். என் நாவலை விறுவிறுப்பானது என்றுதான் நான் பின்னட்டையில் எழுதியிருந்தேன். அங்கே பெரும்பாலோர் "மெதுவானது, சிந்திக்க வைப்பது" என்று குறித்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தேன், அவர்கள் சொல்வதுதான் சரி. பின்னட்டையை மாற்றினேன். அதன் பிறகு "எதிர்பார்த்தது இல்லை" என்ற மதிப்புரை வருவது நின்றது.

பிப்ரவரி 11

இதற்கும் தலைப்புக்கும் சம்பந்தம் குறைவு, ஆனாலும் சொல்ல வேண்டும். லைப்ரரிதிங் 2005இல் வந்த தளம். டிம் ஸ்பால்டிங் தொடங்கியது. குட்ரீட்ஸுக்கும் மூத்தது. தங்கள் வீட்டுப் புத்தகங்களைப் பட்டியலிட விரும்பியவர்கள் கூடிய இடம். அங்கே ஒவ்வொருவரும் புத்தகத்துக்குத் தாங்களே குறிச்சொல் வைப்பார்கள். என் நாவலுக்கு ஒருவர் வைத்திருந்த குறிச்சொல்: "மழை நாளில் மறுபடி". வேறெதுவும் எழுதவில்லை. நட்சத்திரமும் இல்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவருக்கு நான் எழுதவும் மாட்டேன். ஆனால் மூன்றாவது புத்தகம் நடுவில் நின்றுபோனபோது அந்தச் சொல்லைத் தாளில் எழுதி மேசை முன் ஒட்டி வைத்தேன். இன்னும் இருக்கிறது.

ஆக, இந்த உறவு எப்போதும் கடிதமாகத்தான் வர வேண்டும் என்று ஜனவரியில் நான் நினைத்ததைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 20

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். தன் கருவியில் தேடி அந்த எழுத்தாளர் பெயரைக் கண்டுபிடித்துவிட்டாராம். கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அவருடைய மற்ற ஏழு புத்தகங்களின் அட்டைகளும் வாங்கும் இணைப்புகளும் மட்டும்தான் இருக்கின்றனவாம். "எழுத ஒரு முகவரி இல்லை, அதனால் ஒரு மதிப்புரை போட்டுவிட்டு வந்தேன்" என்கிறார். நீங்கள் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அவர் அதைப் படிப்பார், நாங்கள் எல்லோரும் படிக்கிறோம். உங்களுக்குப் பதில் வராது, அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் என் மூன்று புத்தகங்களின் கடைசிப் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். முதல் நாவலில் இருந்த "எழுதுங்கள், நானே படிப்பேன்" என்ற வரி மற்ற இரண்டிலும் இல்லை. அந்த இடத்தில் விற்பனை இணைப்புகள் இருந்தன. எப்போது எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று ஞாபகமே இல்லை.

பிப்ரவரி 24

புதிய கடைசிப் பக்கம், மூன்றுக்கும் ஒன்றே:

"இவ்வளவு தூரம் கூட வந்ததற்கு நன்றி. கதையில் எங்காவது தடுக்கினால், எங்காவது நின்று மறுபடி படித்திருந்தால், அந்த இடத்தை எனக்குச் சொல்லுங்கள். கீழே இருப்பது என் முகவரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பதில் எழுதுவேன். அடுத்த புத்தகம் வரும்போது தெரிய வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள், வருடத்துக்கு இரண்டு கடிதத்துக்கு மேல் அனுப்ப மாட்டேன்."

மற்ற புத்தகங்களின் பட்டியலை இதற்கு அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். நாளைக் காலை ஏற்றுகிறேன். "தடுக்கினால்" என்ற சொல் சரியாக இருக்கிறதா, "இடறினால்" நல்லதா என்று செவிலியரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.